மூன்றாவது தெருவில் ஒரு காலியிடம்

ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. வாயை மூடினால்தானே வழிக்க? முடிதிருத்தும் கடை நாற்காலியில் சாய்ந்தபடி அவர் ஒரு தீவு நாட்டின் ஆள் பற்றாக்குறையை விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே வயதானவர்கள் பெருகிவிட்டார்களாம், தூக்கி உட்காரவைக்க ஆளில்லை. பக்கத்து நாட்டில் வெல்டிங் தெரிந்தவன் ஒருவன்கூட மிச்சமில்லை. வடக்கே பனி கொட்டும் நாட்டில் லாரி ஓட்ட ஆள் கிடைக்காமல் பழமெல்லாம் தோட்டத்திலேயே அழுகுகிறது. கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர். கிடங்கை மூடிய பிறகு எட்டு மாதம் கைப்பேசியைத் தேய்த்துச் சேர்த்த ஞானம் இது. கடைக்காரர் அவருக்கு ‘உலகம்’ என்று பேர் வைத்திருந்தார்.

“எல்லா நாட்லயும் ஆள் வேணுங்கறான். உங்கள மட்டும் ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கறானே, அண்ணே?”

“மேற்பார்வைக்கு எங்கயும் பஞ்சமில்லப்பா. உலகத்தோட கோளாறே அதுதான்.”

சிரித்துத்தான் சொன்னார். ஆனால் மூன்று வாரமாக அவருக்குள் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பது நாடுகளின் பட்டியலை அலசியதில் அவர் வேலை ஒன்றில்கூட இல்லை. அவர் மனைவியின் வேலை பத்தொன்பதிலும் இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சும்மா போட்டுவைப்போமே என்று அவர்தான் அவள் விவரத்தை அனுப்பினார். தீவு நாடு கப்பென்று பிடித்துக்கொண்டது. இரண்டு வருட ஒப்பந்தம். முதல் வருடம் கணவனுக்கு அனுமதியில்லை. “போகட்டுமா?” என்று அவள் கேட்டாள். அவர் அரைமணி நேரம் அந்நாட்டின் பிறப்பு விகிதம் பற்றிப் பேசினார். அவள் தூங்கிப்போனாள். அதன் பிறகும் இரண்டு முறை கேட்டாள். விகிதம் மாறவில்லை.

கைப்பேசி அடித்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை.

“உடனே மூணாவது தெருவுக்கு வாங்க.”

“என்னாச்சு?”

“வாங்க, சொல்றேன்.”

நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு, ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னம் சொரசொரக்க, ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவள் ஐந்து வருடமாக வேலை பார்க்கும் வீடு. உள்ளறைக் கட்டிலில் பெரியவர் கிடந்தார். பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் அசையும். கட்டிலருகே அவருடைய மகன், பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரி. தொள்ளாயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். கையில் அவளுடைய அனுபவச் சான்றிதழ், கையெழுத்தில்லாமல். ஐந்து மணிக்குள் அதை அனுப்பாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். மணி நாலு இருபது.

“இவங்க போறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல சார். மாத்து ஆள் குடுத்துட்டுப் போகட்டும். ராத்திரிக்குப் பார்த்துக்க ரெண்டு மாசத்துல ஏழு பேரை வெச்சுப் பார்த்தேன். ஒருத்தரும் மூணாவது நாள் வரல. மார்க்கெட் அப்படி இருக்கு.”

‘உலகம்’ உற்சாகமாகிவிட்டார். மார்க்கெட்டைப் பற்றி இருவருமாகப் பேசினால் ஐந்து மணி என்ன, ஏழு மணியாகியிருக்கும். அதற்குள் அவள், பால் வாங்கியாச்சு என்பதுபோலச் சொன்னாள்:

“இவரு பார்த்துப்பாரு.”

அவளை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். “என்னடி விளையாட்டு இது? பன்னெண்டு பேரை மேய்ச்சவன் நான்.”

“இங்க ஒருத்தர்தான். சுலபம்.”

“ஏய்…”

“மூணு வாரமா கேக்கறேன். போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். பார்த்துக்க முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே துணி மாத்திட்டு உங்களோட வந்துடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார். இல்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அதிகாரி நேர்முகத் தேர்வுத் தோரணையில் நாற்காலியில் நிமிர்ந்தார். “அப்பாவ அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைங்க. பார்த்துட்டுக் கையெழுத்து போடறேன்.”

பெரியவரின் இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த துணியை அவள் காட்டினாள். அதைப் பிடித்து உருட்ட வேண்டும். ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் தலையாட்டிவிட்டு, மூட்டை புரட்டும் பழக்கத்தில் தோளைப் பற்றி ஒரே இழுப்பு. பெரியவர் ‘ஹக்’கென்று உடம்பை விறைத்துக்கொண்டார். கண்களில் அப்படியொரு பயம்.

“சொல்லிட்டுத் தொடுங்க,” என்றாள். “யாரோ எதுக்கோ புடிக்கறாங்கன்னு பதறிடுவாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க பேசாம ஒரு வேலை செஞ்சது இன்னிக்குத்தான். அதுவும் இங்கயா?”

வாயைத் திறந்தார். பத்தொன்பது நாடுகளில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

“ஐயா… நான் இவங்க வீட்டுக்காரர். உங்கள… அந்தப் பக்கம் திருப்பப் போறேன். மெதுவாத்தான். வலிச்சா சொல்லுங்க… சொல்ல முடியாதில்ல. சரி, வலிச்சா என்னைப் பாருங்க. நிறுத்திடறேன்.”

ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றித் துணியை இழுத்தார். மனித உடம்பின் கனம் மூட்டையின் கனமாக இல்லை. அது தானும் யோசிக்கிறது. மெல்லப் புரண்டது. அவள் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினாள். அவர் நிமிரப் பார்த்தபோது பெரியவரின் வலது கை எழும்பி அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தது.

“முடிஞ்சுதா?” அதிகாரி பேனா மூடியைத் திருகினார். “எழுந்திரிங்க, அப்பா சரியா படுத்திருக்காரான்னு பார்க்கறேன்.”

“கைய பிரிக்காதீங்க,” என்றாள் அவள். “அவரா விடுவாரு.”

“எப்போ?”

“தெரியாது.”

மணி நாலு நாற்பத்தேழு. அதிகாரி காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒற்றை முழங்காலில், கூன் விழுந்தாற்போல, பெரியவரின் மூச்சு கன்னத்தில் படும் தூரத்தில் ‘உலகம்’ குனிந்தே நின்றார். இடுப்பு விண்விண்ணென்றது. “இருக்கட்டும் ஐயா,” என்றார், “நான் எங்கயும் போகல.” பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலரில் விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.