பொறுப்பாளர்: ஜெஸ்வின்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி என் மகன் ஜெஸ்வினை அடித்துப்போட்ட பதினெட்டாம் நாள், ஜெர்மனியிலிருந்து இங்கிரிட் என்ற அம்மாள் எனக்கு மெயில் எழுதினார். இருபத்தொன்பது வயது அவனுக்கு.

ராயபுரத்தில் எங்களுக்குக் கயிற்றுக் கடை. கடைக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்துதான் அவன் ஜெர்மன்காரர்கள், ஜப்பான்காரர்களோடு சேர்ந்து புரோகிராம் எழுதினான். புயலில் கடல் அலை எவ்வளவு எழும்பும் என்று கணக்குப் போடும் புரோகிராம். அதுவும் இன்னும் கட்டி முடிக்காத ஒரு சூப்பர் கம்ப்யூட்டருக்கு.

"வீடே கட்டல, அதுக்குள்ள கட்டில் வாங்குதியாலே?" என்று கிண்டல் செய்வேன்.

"கட்டி முடிச்சப்புறம் எழுத ஆரம்பிச்சா மிஷின் பழசாயிரும்பா" என்பான். யார் சந்தேகம் கேட்டாலும், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பதில் போடுகிற பிள்ளை.

இங்கிரிட் ஆறுதல் சொல்லியிருந்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். புரோகிராமில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டாம். அலைப் பகுதிக்கு ஜெஸ்வின் பெயர் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறு பெயர் போடலாமா என்று கேட்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்கு மேல் நான் படிக்கவே இல்லை. என் அப்பா போய் இருபது வருடம் ஆகிறது, கடை போர்டில் இன்றும் அவர் பெயர்தான். போனவர் பெயரை எடுப்பவனை எங்கள் வியாபாரத்தில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்: என் மகன் பெயரில் கை வைக்காதீர்கள்.

கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அந்த அம்மாள் விட்டுவிட்டார்.

அடுத்த வாரமே அவன் போனுக்கு மெயில்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். 'அன்புள்ள ஜெஸ்வின், மூன்றாம் நாளுக்குப் பிறகு அலைக் கணக்கு தப்பாக வருகிறது, பார்க்க முடியுமா?' என் மனைவி ரோஸ்மேரி அந்தப் போனை மடியிலேயே வைத்திருந்தாள். "பாத்தியளா, சப்பான்காரன்கூட நம்ம புள்ளையத்தான் கேக்கான்" என்றாள். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிரேசிலிலிருந்து ஒரு பையன் நாலு முறை எழுதினான். அவனுடைய படிப்பே இதனால் நிற்கிறதாம். நாலாவது மெயிலில், வேலை செய்யாதவர் பொறுப்பாளர் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று கோபப்பட்டிருந்தான். வாசித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். "பதில் போடாம இருக்குத புள்ளையாங்க அவன்?" என்று அழுதாள்.

கயிறு வாங்க வந்த படகுக்காரர் பாஸ்கரிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அவர் போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

"போர்டுல உங்கப்பா பேரு கீது, சரி. கயிறு அறுந்தா நாங்க அவராண்டயா போறோம்? நீ கீறியேன்னு உன்னாண்டதானே வரோம் அண்ணாச்சி? உன் புள்ளைக்கு பதிலா அங்க யாரு கீறா?"

அவருக்குக் கயிற்றை அளந்து கொடுத்தேன். மாடிக்குப் போய் இங்கிரிட்டின் பழைய மெயிலை முழுதாகப் படித்தேன். அந்தப் பட்டியல் கௌரவத்துக்கு அல்ல, கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்கு. அவன் எழுதிய வரிகள் எப்போதும் அவன் பெயரிலேயே இருக்கும் என்றும் எழுதியிருந்தார். அவசரப்பட்டு என் பிள்ளைக்கு நானே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். புரோகிராமில் எந்த மாற்றத்துக்கும் ஒரு வரி காரணம் எழுதியாக வேண்டும், அதை நீங்களே சொல்கிறீர்களா என்று இங்கிரிட் கேட்டார்.

அஞ்சலி போஸ்டரில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருந்தோம். கேட்பவர்களிடம், தவறிட்டான் என்பேன். இதில் அப்படியெல்லாம் எழுத முடியாது. 'ஜெஸ்வின் செத்துவிட்டான்' என்று இங்கிலீஷில் அடித்து அனுப்பினேன்.

ரோஸ்மேரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனி அவனுக்கு யாரும் எழுத மாட்டாவளா?"

"எழுத மாட்டாவ" என்றேன்.

அவன் போனைச் சார்ஜில் போட்டாள்.