ஒன்றாம் எண் ஜுவாக்கீம்

காஷ்த்ரெலோ யூனியன் கால்பந்து கிளப்பின் பழைய உறுப்பினர் பேரேடு அறுபத்தேழாம் வருட வெள்ளத்தில் போய்விட்டது என்று ஊரே நம்பியது. ஊரைக் காட்டிலும் இடலினா பலமாக நம்பினாள். வெள்ளம் வடிந்த அன்று எல்லோரும் கிளப்பில் சேறு தள்ளிக்கொண்டு அழுதபோது, அவள் மட்டும் மூலையில் நின்று நிம்மதியாக மூச்சு விட்டாள். நல்ல மனுஷி செய்கிற காரியமல்ல. ஆனாலும் விட்டாள்.

ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, கிளப்பின் நூறாவது ஆண்டு விழாவுக்கு மாடியில் வெள்ளையடிக்கப் போனவர்கள் கோப்பை அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் பேரேடு சாய்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

எங்கள் ஊரில் மேயர் மாறுவார், பாதிரியார் மாறுவார். கிளப்பின் ஒன்றாம் எண் அட்டைக்காரர் மட்டும் சாகும்வரை ஒன்றாம் எண்தான். சேர்ந்த தேதிப்படி வரிசை; பிள்ளை பிறந்ததுமே அப்பாக்கள் வந்து பேர் கொடுத்துவிடுவது வழக்கம். முன்னால் இருப்பவர் கண்ணை மூடினால் பின்னால் இருப்பவர் ஓர் எண் ஏறுவார். ஆண்டு விழாவில் மஞ்சள் கறுப்புக் கொடியை ஏற்றுவது ஒன்றாம் எண்ணின் உரிமை. மூன்று வருஷத்துக்கு முன் பேக்கரிக்காரர் இறந்து அந்த இடம் இடலினாவுக்கு வந்தது. எண்பத்தேழு வயதில் அவளுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? புருஷன் போய்விட்டான், பிள்ளைகள் பிரான்சில்.

இரண்டாம் எண் ஒலெகாரியோ. அவளைவிடப் பதினாறு நாள் இளையவன். இத்தனை வயதுக்கு அப்புறமும் அவளுக்கு அவன் பொடியன்தான். அறுபது வருஷமாகக் கிளப்பின் பாரில் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடி, ஒருவரையொருவர் திருடர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறு விழா. கிளப்பின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிற வாத்தியார் டெல்ஃபிம், வியாழன் மதியம் பேரேட்டைப் பாரின் பெரிய மேஜையில் விரித்துவைத்தார்.

"டோனா இடலினா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க. முப்பத்தெட்டு, மார்ச் மூணு. ஜுவாக்கீம் சர்மெந்தோ. அப்பா ஆதெலினோ சர்மெந்தோ, மத்தி மீன் ஃபாக்டரி. உங்க அப்பாதானே?"

"அப்பாதான்."

"அப்ப ஜுவாக்கீம் உங்களுக்கு அண்ணன்." வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், ரொம்பச் சின்ன வயசுல போயிட்டாரா? பேருக்குப் பக்கத்துல நீளமா ஒரு கோடு இழுத்திருக்கு. இறந்தவங்களுக்குப் போடுற கோடுன்னு நினைக்கிறேன்."

பாரில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் சிலுவைகூடப் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை கல்லறைக்கு ஊர்வலம் போறப்ப அவருக்கும் ஒண்ணு வைக்கணும்னு மலர்வளையத்துக்குச் சொல்லிட்டேன்," என்றார் டெல்ஃபிம். படித்த பிள்ளை, எதிலும் அவசரம். "கல்லறையில எந்த வரிசைன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரு இந்தப் பேரேட்டுல எங்கயுமே இல்ல. அப்படின்னா விதிப்படி ஒன்றாம் எண்..."

எல்லோரும் மூலை மேஜையைப் பார்த்தார்கள். அங்கே ஒலெகாரியோ பீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உப்பில் ஊறிய பயறைத் தோலுரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். இடலினா ஆமென்று தலையாட்டினால் இல்லாத அண்ணனுக்குக் கல்லறை தேட வேண்டிவரும். மறுத்தால் உண்மை வெளிவந்து கொடி போகும். எப்படிப் பார்த்தாலும் போகத்தான் போகிறது என்று தோன்றியதும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. நான்தான் ஜுவாக்கீம்."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார்.

"பையன்தான் பொறப்பான்னு எங்கப்பாவுக்கு அவ்வளவு நிச்சயம். ஆறு நாளைக்கு முன்னாடியே வந்து பேரு குடுத்துட்டாரு. ஒன்பதாம் தேதி நான் வந்து பொறந்தேன். அப்பல்லாம் பொம்பளைங்க டிக்கெட் வாங்கி மேட்ச் பார்க்கலாம், உறுப்பினரா சேர முடியாது. அப்பா ஜுவாக்கீம் பேருக்கே சந்தா கட்டிக்கிட்டு வந்தாரு. அந்த அட்டையிலதான் நான் உள்ள போனேன். சர்வாதிகாரம் ஒழிஞ்ச புரட்சிக்கு அப்புறம், எழுபத்தஞ்சுல பொம்பளைங்களைச் சேர்த்துப் புது அட்டை குடுத்தாங்கல்ல, அப்ப 'பேரு தப்பா விழுந்திருக்கு, மாத்திக் குடுங்க'ன்னு பொய் சொன்னேன். எண் என்னோடது இல்ல. வராத பையனோடது. கொடியை அவன்கிட்டயே குடுத்துடுங்க."

சொல்லி முடித்ததும் தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நாள் முழுக்கக் கடித்த செருப்பை வாசலில் கழற்றிப் போட்ட மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றான் மூலையிலிருந்து ஒலெகாரியோ. "எழுபத்தஞ்சுல அந்த அட்டையை டைப் அடிச்சது யாரு?"

"நீதான். ஊர்ல எல்லாரும் கொண்டாட்டத்துல இருந்தீங்க. நீ எதையும் படிச்சுப் பார்க்கல."

"படிச்சுப் பார்க்கலயா? அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் மைதானத்து வாசல்ல நின்னு அட்டை பார்த்தவன் நான். அட்டையில ஜுவாக்கீம், ஆளு பார்த்தா பூப்போட்ட பாவாடை. எனக்குக் கண்ணு அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

பாரே சிரித்தது. இடலினா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சிருந்தா என்னைக் கடைசியிலதானே போட்டிருக்கணும்? ஏன் போடல?"

ஒலெகாரியோ கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். பேரேட்டில் குனிந்தான்.

"இந்தக் கையெழுத்து எங்கப்பாவோடது. அவருதான அப்ப கிளப்புல எழுத்தர். நீ பொறந்த மறுநாள் உங்கப்பா இங்க வந்தாராம். எங்கப்பா, 'பொண்ணாமே ஆதெலினோ, பரவாயில்ல விடு, பேரை அடிச்சுட்டுக் காசைத் திருப்பித் தரேன்'னு பேனாவை வச்சிருக்காரு. உங்கப்பா அவரு கையை வெடுக்குன்னு புடிச்சு இழுத்துட்டாராம். 'அடிக்காத. பேரு எதுவா வேணா இருக்கட்டும். உள்ள வரப்போறது என் பொண்ணு'ன்னாராம். அந்தக் கோடுதான் இது. நல்ல பக்கம் பாழாப் போச்சேன்னு எங்கப்பா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சொல்லிச் சிரிப்பாரு. அப்படி இருக்க, நான் எப்படி உன்னை அடிக்கிறது?"

இடலினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பேரின் முதல் எழுத்தில் தொடங்கி, பக்கத்தின் ஓரம் வரை மை இழுபட்டிருந்தது. எழுத்தைத் தாண்டி, கட்டத்தைத் தாண்டி, யாரோ கையைப் பிடித்து இழுத்த கோடு. எண்பது வருஷமாக அவள் அந்த அட்டையை வேறொருவனுடையதாகவே நினைத்திருந்தாள். அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போன ஞாயிறுகளில்கூட, பக்கத்தில் அந்தப் பையன் இல்லையே என்று அவர் வருந்துவதாக அவளுக்கு ஓர் எண்ணம். இப்போது அழுகை வந்தது. மனசு நிறைந்து வந்த அழுகை, அவள் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷம் சீட்டாடுறோம். ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். உங்க வீட்டுக் கதை."

டெல்ஃபிம் தொண்டையைச் செருமினார். "அப்ப விதி?"

"விதியை ரெண்டாம் எண்தானே கேக்கணும்? நான் கேக்கல. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, அவளுக்கு அப்புறம் நான்தான்."

"உன்னைப் புதைச்சுட்டுத்தான்டா போவேன்," என்றாள் இடலினா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஞாயிறு காலை அவள்தான் கொடி ஏற்றினாள். கயிறு பாதியில் சிக்கியபோது கூட்டத்திலிருந்து, "இழு ஜுவாக்கீம், இழு," என்று நாலைந்து குரல்கள் வந்தன. மூன்று நாளில் கதை ஊர் முழுக்கப் போயிருந்தது. அவள் இழுத்தாள். கொடி ஏறியது.

மலர்வளையத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது என்று பூக்கடையில் சொல்லிவிட்டார்கள். ரிப்பனிலாவது பேரை மாற்றித் தரச் சொல்கிறேன் என்றார் டெல்ஃபிம். பேர் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் எண்ணை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள் என்றாள் இடலினா. ஊர்வலம் கல்லறைக்குப் போனதும், ஒலெகாரியோவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அதை அப்பாவின் கல்லறைமேல் வைத்தாள். ரிப்பனில் மஞ்சள் துணியில் கறுப்பு எழுத்தில், ஜுவாக்கீம் சர்மெந்தோ, ஒன்றாம் எண் என்று இருந்தது.