தண்ணீருக்கு முன்னால் போன பஸ்

"டீச்சர், நீ போனை வை. கூண்டைத் தூக்குற கதையெல்லாம் போன வருசத்தோட சரி."

முத்துமீனா இப்படிச் சொன்னபோது டயானா ஆரப்பாளையத்துத் தரைப்பாலத்தின் ஓரம் குடையோடு நின்றிருந்தாள். புதன்கிழமை, மழை லீவு. காலடியில் வைகை போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் என்று சொல்ல மனசு வராத கறுப்பு.

"சொல்றதைக் கேளு முத்துமீனா. நுரை தலையணை தலையணையா எந்திரிச்சுப் பறக்குது. பஸ் மேலயெல்லாம் ஒட்டுது. இம்புட்டுக் கறுப்பா நான் பார்த்ததே இல்ல."

"உங்க ஊருக்கு வந்துருச்சு, சரி. எங்க ஊருக்கு வரணுமே?"

டயானா விளாங்குடியில் எனக்கு அடுத்த வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். முத்துமீனா இருப்பது இங்கிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் கிழக்கே, வைகை கடலில் சேரும் கழிமுகத்தில். அவளும் இன்னும் ஆறு பெண்களும் அங்கே நண்டு வளர்க்கிறார்கள். புதிதாக ஓடு கழற்றிய சேற்று நண்டுக்குள் சதை இருக்காது, வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதைக் கூண்டில் விட்டு, தண்ணீருக்குள் தொங்கவிட்டு, சில்லறை மீனைப் போட்டு மூன்று நான்கு வாரம் காப்பாற்றினால் சதை பிடிக்கும். ஏழு பேருக்கும் சேர்த்து நாற்பது கூண்டு. அந்த நாற்பதுதான் ஏழு வீட்டு அடுப்பு.

இரண்டு வருசத்துக்கு முன்னால் பறவை எண்ணுவதற்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தாள் டயானா. எந்த ஊர் என்று கேட்ட முத்துமீனா, கூண்டுக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்துக் காட்டினாளாம். மதுரை மிட்டாய்க்கடைப் பை.

"எங்க நண்டு உங்ககிட்ட ஜாங்கிரி கேட்டுச்சா டீச்சர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டயானா சிரிக்கவில்லை. அடுத்து முத்துமீனா சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காலைக் காட்டினாள். முழங்கால் வரை ஆறிய புண்ணின் தழும்பு. மழைக்கு முதல் வெள்ளம் வரும்போது, மாதக்கணக்கில் மதுரை ஆற்றுப் பள்ளங்களில் தேங்கிக் கிடந்த சாக்கடையையும் சாயத்தையும் மொத்தமாக வாரிக்கொண்டு போகிறது. அதில் இறங்கி நின்ற கால்.

அன்று டயானா ஒரு வாக்குக் கொடுத்தாள். "இனிமே அந்தத் தண்ணி மதுரையத் தாண்டும்போதே சொல்லிர்றேன். நீங்க கூண்டைத் தூக்கிரலாம்."

போன வருசம் சொன்னாள். அங்கேதான் தப்பு நடந்தது.

மதுரைக்காரர்களுக்கு ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போனால் போதும், அது கடலுக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்வோம். பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். விரகனூருக்குக் கிழக்கே எத்தனை கண்மாய் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது என்று நமக்கு நினைப்பிருக்காது. டயானாவுக்கும் இல்லை. அவள் போன் செய்ய, முத்துமீனா மற்ற ஆறு பேரோடும் சண்டை போட்டு நாற்பது கூண்டையும் கரையேற்றினாள். நண்டுகளை ஈரச் சாக்கில் வைத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நண்டு சாக ஆரம்பித்தது. தண்ணீர் வரவேயில்லை. வழியிலேயே கண்மாய்கள் குடித்துவிட்டன.

இப்போது திரும்பவும் அதே குரல், அதே சேதி. யார்தான் நம்புவார்கள்?

"சரி, நீ கூண்டைத் தொடாத," என்றாள் டயானா. "நான் தண்ணியோடயே வாரேன். அது வழியில நின்னுட்டா நானும் அப்படியே திரும்பிர்றேன்."

"நீந்தியா வருவ?"

"பஸ்லதான்."

"அப்ப வா. பாப்போம்." போன் கட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் பை எடுத்து வைப்பதை ஜோ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மிஷன் காலேஜ் ஆபீசில் கிளார்க், அவளுடைய புருசன்.

"தண்ணிக்கு எஸ்கார்ட்டாப் போறியாக்கும்? ஞாயித்துக்கிழமைப் பூசைக்காவது வந்துருவியா?"

"தண்ணி வந்துட்டா வந்துருவேன்."

"சாமியார் கேட்டா என்ன சொல்ல?"

"நண்டைப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லு. நம்புனா நம்பட்டும்."

ஜோ சிரித்துக்கொண்டே தன் மழைக்கோட்டை எடுத்து அவள் பைக்குள் திணித்தான்.

தெருக்கோடியில் ஹாலாஸ்யம் சார் வீடு. கோயில் அர்ச்சகர் குடும்பம், ஆனால் அவர் படித்தது வேதியியல், வாத்தியார் வேலை. ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் திறந்தார். உள்ளே மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகள், இரண்டு கரைசல்.

"புட்டியை முழுக்க முக்கி எடும்மா. உள்ளே ஒரு காத்துக் குமிழி இருக்கப்படாது. இருந்தா அதையும் சேத்துக் கணக்குச் சொல்லிடும், பொய்யாயிடும்."

"போன வருசம் நான்தான் சார் பொய் சொல்லிட்டேன். இந்த வருசம் புட்டி சொல்லட்டும்."

"ரெண்டையும் விட்டுக் குலுக்கு. பழுப்பா வந்தா தண்ணியிலே மூச்சு இருக்கு. வெள்ளையாவே நின்னா ஒண்ணும் இல்லே. அதுல எந்த ஜீவனும் தங்காது."

வியாழன் முழுக்கக் கரையோர ஊர்களில் இறங்கி இறங்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போய், வெள்ளிக்கிழமை காலை பார்த்திபனூர் மதகணையில் இறங்கினாள். ஆறு அங்கே கண்மாய்களுக்குப் பிரிகிற இடம். மதகைத் திறந்து மூடுகிற விருமாண்டி சைக்கிளில் சாய்ந்து நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு, பேப்பர்காரவுகளா?"

"டீச்சர்ண்ணே."

"டீச்சருக்கு மதகுல என்ன சோலி?"

"இந்தத் தண்ணி எந்தக் கண்மாய்க்குப் போகும்னு கேக்கத்தான் வந்தேன்."

விருமாண்டி பீடியை அணைத்தார். "எந்தக் கண்மாய்க்கும் போகாது. அம்புட்டும் ஐப்பசி மழையிலயே நிறைஞ்சு மறுகால் போகுது. போன வருசம் ஒவ்வொரு ஊர்க்காரனும் 'எங்க பக்கம் திற, எங்க பக்கம் திற'ன்னு என் சட்டையப் பிடிச்சான். இந்த வருசம் 'எங்க பக்கம் திறந்துராதண்ணே, கரை உடைஞ்சுரும்'னு கையப் பிடிக்கிறான். இதை வாங்க ஆளே இல்ல. நேரா கடலுக்குத்தான்."

போன வருசம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்த மனிதர் இங்கேயேதான் இருந்திருக்கிறார்.

டயானா படியிறங்கிப் புட்டியை முக்கினாள். கரைசல் இரண்டையும் விட்டுக் குலுக்கினாள். விருமாண்டி குனிந்து பார்த்தார்.

"என்னத்தா இது, மோராட்டம் இருக்கு?"

"மூச்சே இல்லாத தண்ணிண்ணே."

"அதான் விடியக் கெளுத்தியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மேல வந்துச்சா? நான் மழைக்கு வருதுன்னுல்ல நினைச்சேன்." ஆற்றைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு உச்சிக்குள்ள கடலைத் தொட்டுரும். வெரசாப் போ," என்றார்.

சனிக்கிழமை காலை கழிமுகம் தெளிவாக இருந்தது. சேற்றுத் திட்டில் உள்ளான் பறவைகள் நூற்றுக்கணக்கில் குத்திக் குத்தி இரை தேடின. தூரத்தில் ஒரு வரிசைப் பூநாரைகள். ஏழு பெண்களும் படகுத்துறையில் நின்றார்கள்.

"வந்துட்டியா? உன் தண்ணி எங்க?" என்றாள் முத்துமீனா.

"பின்னால வருது."

"பஸ் கிடைக்கலையோ?"

டயானா பார்த்திபனூர்ப் புட்டியைப் படகுப் பலகையில் வைத்தாள். வெள்ளை. இன்னொரு புட்டியில் கூண்டுக்குப் பக்கத்துத் தண்ணீரை எடுத்து, கரைசலை விட்டுக் குலுக்கி, அதையும் வைத்தாள். நல்ல பழுப்பு.

"இது உங்க தண்ணி, மூச்சு இருக்கு. அது எங்க தண்ணி. கண்மாய் எல்லாம் நிறைஞ்சு கிடக்கு, இந்தத் தடவை வழியில நிக்காது. மத்தியானத்துக்குள்ள இங்க இருக்கும்."

பெண்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூத்தவள் ஒருத்தி கேட்டாள்: "எத்தனை நாள் ஓடும்?"

"நாலு நாள், அஞ்சு நாள்."

"தூக்கி வச்சா நண்டு மூணு நாள் தாங்காது. விட்டு வச்சா இன்னைக்கே போயிரும். ரெண்டுலயும் சாவுதான்னா எதுக்குத்தா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

மூன்று நாளாக, தண்ணீர் வரும் என்று நம்ப வைப்பது பற்றியே யோசித்த டயானா, நம்பிய பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

"எனக்குத் தெரியலக்கா," என்றாள்.

தெரியவில்லை என்று ஒரு டீச்சர் ஏழு பேருக்கு நடுவில் நின்று சொன்னது முத்துமீனாவை என்ன செய்ததோ, அதுவரை இருந்த நக்கல் அவள் முகத்திலிருந்து போய்விட்டது. புட்டிகளை விட்டுவிட்டு முகத்துவாரத்தைப் பார்த்தாள்.

"ஆத்துத் தண்ணிக்குக் கனமில்ல. உப்புத்தண்ணிதான் கனம்," என்றாள் மெல்ல. "வெள்ளம் வந்தா அந்த முகத்துவாரத்துப் பள்ளத்துல மேலாலதான் ஓடும். அடியில கடல் அப்படியே கிடக்கும். அங்க தூண்டில் போட்டா மேல குப்பை, அடியில கடல் மீனு. கூண்டுல கல்லைக் கட்டி அங்க இறக்கிருவோம்."

"நீ சொல்லி ஒரு தடவை அனுபவிச்சாச்சு முத்துமீனா," என்றாள் மூத்தவள்.

"போன வருசம் இவ போன்ல சொன்னா. இந்த வருசம் வழி நெடுக இறங்கிப் பாத்துட்டு வந்து சொல்றா. ரெண்டும் ஒண்ணா? கல்லு எடுங்கடி."

இரண்டு படகு, ஏழு பெண்கள், எட்டாவதாக டயானா. கூண்டுகளை அவிழ்த்து, கல் கட்டி, இரண்டாள் ஆழப் பள்ளத்தில் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். டயானாவுக்குக் கல் கட்டத் தெரியவில்லை. "இது முடிச்சா, ஷூ லேசா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசிக் கூண்டு இறங்கும்போது உச்சிவெயில்.

முதலில் தெரிந்தது உள்ளான்களுக்குத்தான். திட்டிலிருந்து மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழும்பி, கடல் பக்கத்து மணலுக்குப் போய் இறங்கியது. அப்புறம் வாடை. அப்புறம் தண்ணீர், விளிம்பில் நுரையோடு, ஓசையில்லாமல். மடவை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கூண்டில் இல்லாத நண்டுகள் சேற்றிலிருந்து வெளியேறி அலையாத்திச் செடியின் வேரில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒரு கொக்கு செத்த மீன் ஒன்றைக் கொத்தியது, தூக்கியது, கீழே போட்டுவிட்டுப் போனது.

மூத்தவள் டயானாவின் தோளைத் தொட்டாள். "வந்துருச்சுத்தா."

ஆற்று நீர் பள்ளத்துக்கு மேல் பரவியது. டயானா படகிலிருந்து மேல்தண்ணீரை எடுத்துப் பார்த்தாள். வெள்ளை.

"அடியில எப்படி எடுக்க?" என்றாள். "மேல திறந்தா மேல் தண்ணிதான உள்ள போகும்."

முத்துமீனா புட்டியை வாங்கினாள். கழுத்தில் ஒரு கயிறும் கல்லும், மூடியில் தனியாக ஒரு தூண்டில் நரம்பும் கட்டினாள். மூடியபடியே அடிக்கு விட்டாள். கல் தரை தொட்டதும் நரம்பைச் சுண்டினாள். குமிழிகள் மேலே வந்தன. அவை நிற்கும் வரை பொறுத்திருந்து, ஆடாமல் அசையாமல் இழுத்தாள். டயானா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காலேஜ்ல படிச்ச நீ?"

"பேச்சைக் குறை. மருந்தை ஊத்து."

வாய்விளிம்பு வரை நிறைந்திருந்தது. டயானா ஊற்றினாள். மூடினாள், குலுக்கினாள். வெள்ளையாகத் திரண்டது, கலங்கியது. பிறகு அடியிலிருந்து நிறம் ஏறியது. காலையில் பார்த்த அளவுக்கு இல்லை. பால் அதிகம் விட்ட டீ மாதிரி ஓர் இளம் பழுப்பு. ஆனால் பழுப்பு.

முத்துமீனா புட்டியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"மூச்சு இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு, நுரை ஒட்டிய கையாலேயே டயானாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

டயானா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நேராகப் போய் இறங்கினாள், பாதமெல்லாம் அரிப்போடு. ஆறாம் நாள் கூண்டை ஏற்றியபோது நான்கு கூண்டு நண்டு செத்திருந்தது. முப்பத்தாறு கூண்டில் உயிரோடு இருந்தது. செத்த மடவையைக் கரை நெடுகப் புதைத்ததாகவும் முத்துமீனா போனில் சொன்னாள். அதை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

ஹாலாஸ்யம் சார் கேட்டார்: "பெட்டி எங்கம்மா?"

"முத்துமீனா தரமாட்டேங்குறா சார். நம்மளை விட அவ நல்லா எடுக்குறா. மூடியில நரம்பு கட்டி..."

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டவர், "நரம்பா!" என்று தலையை ஆட்டினார். "எனக்கு நாப்பது வருஷமாத் தோணலியே," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பெட்டி தேட உள்ளே போனார்.

போன வாரம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு டயானாவோடு போயிருந்தேன். தரைப்பாலம் ஏறும்போது அவள் போன் அடித்தது. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"டீச்சர், இன்னைக்கு எங்க மேல் தண்ணியும் பழுப்பு. உங்க ஊர்ல என்ன நிறம்?"

"இரு, இறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் டயானா. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்த புட்டியோடு படியில் இறங்கினாள்.