கத்தி பட்டால் பரவும் என்றார்கள்

புருஷன் ராஜமணியின் ஆறாவது வருஷ நினைவு ஜெபத்தில்தான் ஜெபமலர் அதைப் பார்த்தாள்.

ஆட்டக்குளங்கரையில் அவள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறை சின்னது. உபதேசியாரும் சபையார் ஏழெட்டுப் பேரும் பாயில் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும். ராஜமணியின் தம்பி ஞானசிகாமணி சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். கடையை அடைத்துவிட்டு அவன் வந்து சேர்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது. இடம் இல்லாமல் அடுக்களை நடையை ஒட்டி உட்கார்ந்தான். கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட, அடுப்பில் தேயிலைத் தண்ணீரை வைத்துவிட்டு வந்த ஜெபமலரும் அவனுக்குப் பின்னால் முழங்கால் போட்டாள்.

உபதேசியாரின் ஜெபம் எப்போதும் நீளும். தண்ணீர் பொங்கும் சத்தம் கேட்டு அவள் கண்ணைத் திறந்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவளுக்கு எதிரே ஞானசிகாமணியின் இரண்டு உள்ளங்கால்களும் மேல்நோக்கி மடங்கிக் கிடந்தன. வலது குதிகாலுக்குச் சற்று முன்னால், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. ஒரு பக்கம் கருங்கறுப்பாகவும் மறுபக்கம் காப்பிக்கொட்டை நிறமாகவும், ஓரமெல்லாம் கோணலாக.

கடையில் மிதித்த தார், துரு, ஏதோ அழுக்கு என்றுதான் நினைக்கப் பார்த்தாள். ஆனால் அந்தக் கறுப்பை அவளுக்குத் தெரியும். இதே போன்ற ஒன்றை ராஜமணியின் இடது காலில் அவள் பார்த்திருக்கிறாள்.

தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்தது. ஆமென் என்று எல்லோரும் சொன்னபோது அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

அன்று அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஞானசிகாமணியின் மனைவி ராஜபாய் அடுக்களையில் கூடமாட நின்று கிளாஸ் கழுவிக் கொடுத்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ராஜமணியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் ஜெபமலர்தான். காலில் கீறிச் சதை எடுத்தார்கள். புற்றுநோய் என்றார்கள். அதற்குள் தொடையிடுக்கில் கட்டி வந்துவிட்டது. பிறகு நெஞ்சுக்கு ஏறியது. வருஷம் திரும்புவதற்குள் ஆள் இல்லை. சவப்பெட்டியை மூடும்போது மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "சும்மா கெடந்த மச்சத்துல கத்தி வைக்க விட்டியே! கத்தி பட்டதுல தானே எனக்க பிள்ளைக்கு அது பரவிச்சு!" கூடியிருந்தவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. அதன்பின் அது அந்தக் குடும்பத்தின் தீர்ப்பாகிவிட்டது. மாமியார் சாகும்வரை அதையே சொன்னாள். ஏதாவது மனத்தாங்கல் வந்தால் ராஜபாயும் சொல்வாள். ஜெபமலர் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

இப்போது போய், உன் புருஷன் காலிலும் கத்தி வை என்று எந்த வாயால் சொல்வது? சொல்லி, அவனுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் இருந்து, ஆகிவிட்டால்?

ஜெபமலருக்கு சாலையிலேயே ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலை. மூன்று நாள் சேலைகளைத் தப்புத் தப்பாக மடித்தாள். நாலாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளியிடம் சொல்லிவிட்டு, அரிசி மூட்டை வண்டிகளுக்கு ஊடாக நடந்து கொழுந்தனின் கடைக்குப் போனாள்.

"வாங்க மைனி, இருங்க." ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கடையில் வேறு ஆள் இல்லை.

"சிகாமணி, ஒனக்க வலது காலுல ஒரு கறுப்பு இருக்கே, பாத்தியா?"

அவன் முகம் மாறியது. ஆணிப் பெட்டிகளை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"அது மச்சம் மைனி. ரெண்டு வருசமாட்டு உண்டு."

"ரெண்டு வருசம் முன்ன இவ்வளவு பெருசா இருந்துதா?"

அவன் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"ஒரு டாக்டர்ட்ட காட்டிரு தம்பி. தள்ளிப் போடாண்டாம்."

"காட்டினா என்ன செய்வினும்? கீறணும்னு சொல்லுவினும். அண்ணனுக்குக் கீறினதுக்குப் பொறவு என்ன ஆச்சு? நீங்களே இத வந்து சொல்லுதீங்களே மைனி."

அவன் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அது நன்றாகத் தைத்தது. ஜெபமலர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"கீறினதுல வரல்ல சிகாமணி. கீறதுக்கு மூணு வருசம் முன்னமே அவரு காலுல அது உண்டு. பாத்த நாள்லருந்து நான் சொன்னேன். அடுத்த வாரம், சம்பளம் வரட்டும், ஈஸ்டர் போவட்டும்னு தள்ளித் தள்ளி விட்டாரு. ரெத்தம் வந்தப்போகூட கல்லுல தட்டிச்சுன்னு சொன்னாரு. கடைசில நான் அழுது, சண்டை போட்டுக் கூட்டிட்டுப் போனப்போ, நேரம் போயிட்டுதுன்னு டாக்டர் என்னட்ட தனியா சொல்லிட்டாரு."

"அண்ணனா? அண்ணன் அப்பிடிப்பட்ட ஆளில்ல."

"பயம் தம்பி. அவருக்குப் பயம்."

"மைனி!" இப்போது குரல் உயர்ந்தது. "ஒங்கமேல உள்ள பழி போவணும்னு செத்துப்போன மனுசன் மேல பழி போடாதீங்க."

கொக்கி வாங்க மலையாளி ஒருவர் படியேறினார். ஞானசிகாமணி அவரிடம் மலையாளத்தில் பேசத் தொடங்கினான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஜெபமலர் கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கி வந்தாள். செத்தவனைக் காட்டிக் கொடுத்ததுதான் மிச்சம் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் துணிக்கடை திறந்து சற்று நேரத்துக்கெல்லாம் ராஜபாய் வந்தாள். சேலை பார்க்க வந்தவள்போல ஜெபமலருக்கு முன்னால் உட்கார்ந்து, விரித்துப் போட்ட பருத்திச் சேலையின் கரையைத் தடவிக்கொண்டே குனிந்த தலை நிமிராமல் பேசினாள்.

"அக்கா, நேத்து அவிய சோறு தின்னல்ல. கேட்டா ஒரு வார்த்தை மிண்டவும் இல்ல. இண்ணைக்கு விடியக்காலத்த குளிச்சிட்டு உள்ள வந்தப்போ, சிமெண்டுத் தரையில ஈரக்காலு பட்ட எடத்துல எல்லாம் ரெத்தம். மல்லுக்கட்டிக் காலத் தூக்கிப் பாத்தேன். எத்தனை நாளாட்டோ அறியேன். எனக்கு ஒண்ணும் தெரியாம ஒரே வீட்டுல கெடந்திருக்கேன் பாருங்க."

"ஆஸ்பத்திரிக்கு வருவானா?"

"வாறேன்னு சொல்லிட்டாவ. மைனியையும் விளின்னு சொன்னாவ."

ஜெபமலர் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். "நான் கூட வந்து, அவனுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா ராஜபாய்?"

ராஜபாய் விரித்துக் கிடந்த சேலையை ஓரமாகத் தள்ளினாள். பிறகு நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "ஆச்சுன்னா நான் ஒங்களக் குத்தம் சொல்லத்தான் செய்வேன் அக்கா. எனக்க வாயி அப்பிடி. இருந்தாலும் நீங்க வரணும்."

பொய் இல்லாத அந்தப் பேச்சு ஜெபமலருக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. வருகிறேன் என்றாள்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். தோல் பிரிவில் அவர்களைப் பார்த்த டாக்டர் பிந்து சின்ன வயதுக்காரி. பூதக்கண்ணாடியை வைத்துக் காலைப் பார்த்தபடி, "எத்ர காலமாயி?" என்று கேட்டாள்.

"ஒரு ஆறு மாசம்" என்றான் ஞானசிகாமணி.

பின்னால் நின்ற ஜெபமலர் ஓரடி முன்னால் வந்தாள். இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ராஜமணியும் இதே பதிலைத்தான் சொன்னான். அன்று அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு வருசம் டாக்டர்" என்றாள். "இவருக்க அண்ணனும் இதுலதான் மரிச்சாரு."

டாக்டர் தலை தூக்கினாள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இது வருவது அபூர்வம் என்று சொல்லி, எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ராஜபாய் மலையாளத்தில், கத்தி வைத்தால் பரவாதா என்று கேட்டாள். நிறையப் பேர் கேட்டுப் பழகிய கேள்வி போலிருக்கிறது, டாக்டர் கோபப்படவில்லை. கத்தி வைப்பதால் பரவுவதில்லை, ஏற்கெனவே பரவியிருப்பது கத்தி வைக்கும்போதுதான் தெரியவருகிறது, அதனால் ஜனங்கள் கத்தியைக் குற்றம் சொல்கிறார்கள் என்றாள். பிறகு ஞானசிகாமணியின் முழங்காலில் கையை வைத்து, "பேடிக்கண்டா" என்று தைரியம் சொன்னாள்.

அவன் அதற்குத் தலையாட்டினான். ஆனால் அவன் பயந்திருந்தான். கால் விரல்கள் உள்ளுக்கு மடங்கிக்கொண்டே இருந்தன.

பரிசோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவன் காலில் கட்டோடு கடைக்குப் போனான். ராஜபாய் தினமும் அவன் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தாள், கட்டி இருக்கிறதா என்று. ஜெபமலர் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. இவனை எடுத்துக்கொள்ளாதே என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முடிவு வந்தது. அதுவேதான். ஆனால் ஆழமாக இறங்கவில்லை. உள்ளங்காலில் அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். உடனே செய்தால் நல்ல நம்பிக்கை உண்டு என்றாள் டாக்டர் பிந்து.

ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு நர்ஸ் கையெழுத்து வாங்க வந்தபோது ராஜபாய் பேனாவை ஜெபமலரிடம் நீட்டினாள். "நீங்க போடுங்க அக்கா. எனக்குக் கை வரல்ல."

ஜெபமலர் வாங்கவில்லை. "ஒனக்க மாப்பிள்ளைக்கு நீதான் போடணும். நான் பக்கத்துல நிக்கேன்."

ராஜபாய் பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தை எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பேரை எழுதினாள். ஜெபமலர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, வார்டில் ஒரு மத்தியான வேளை. ராஜபாய் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். ஞானசிகாமணி காலைத் தலையணைமேல் உயர்த்திப் போட்டுப் படுத்திருந்தான். ஜெபமலர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மைனி."

"என்ன தம்பி?"

"அண்ணன் ரொம்பப் பயந்தாரா?"

அவள் சுளையை அவன் கையில் கொடுத்தாள். "ராத்திரி சாக்ஸ் போட்டுட்டுப் படுப்பாரு. மேடமாசச் சூட்டுலயும். குளிருதுன்னு சொல்லுவாரு. நான் காலப் பாக்கப்பிடாது, அதான்."

அவன் சுளையைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். "நானும் ராஜபாய்க்குத் தெரியாம துணி வெச்சுக் கட்டிட்டுதான் நடந்தேன். நீங்க கடையில வந்து சொன்ன அண்ணைக்கு, செருப்புக்குள்ள கட்டு இருந்துது." கொஞ்சம் நிறுத்தினான். "அண்ணனைச் சொன்னப்போ எனக்கு வந்த கோவம்... என்னையே சொன்னதுபோல இருந்துது மைனி."

வார்டின் அந்தக் கோடியில் யாரோ இருமினார்கள்.

"அம்மாட்ட இதச் சொல்லிருக்கலாமே. அத்தனை வருசம் திட்டு வாங்கிட்டு இருந்தீங்களே?"

"சொன்னா, பெத்த பிள்ளையை, அதுவும் செத்தவரை, அம்மா எப்பிடித் திட்டும்? யாரையாவது திட்டாம அதுக்கு உயிரு தரிக்காது. நான் கைக்கெட்டின எடத்துல இருந்தேன்."

ஞானசிகாமணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ராஜபாய் பிளாஸ்க்கோடு வந்து இரண்டு பேரையும் பார்த்தாள். என்ன என்று அவள் கேட்கவில்லை. வெந்நீரை ஆற்றி ஒரு கிளாஸ் ஜெபமலருக்கும் கொடுத்தாள்.

ஒட்டிய தோல் பிடித்தது. குதிகாலை முழுக்க ஊன்ற முடியாமல் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறான். கடையில் பெரும்பாலும் உட்கார்ந்தே வியாபாரம். செக்கப்புக்கு முதலில் எல்லாம் மூன்று பேரும் போனார்கள். பிறகு அவனும் ராஜபாயும் மட்டும் போய் வந்தார்கள். திரும்பும் வழியில் துணிக்கடை வாசலில் நின்று, "ஒண்ணும் இல்ல மைனி" என்று சொல்லிவிட்டுப் போவான். அதைக் கேட்கும்வரை ஜெபமலருக்கு அன்று சோறு இறங்காது.

ஆபரேஷன் நடந்து ஐந்து வருஷம் ஆனபோது, இரண்டாயிரத்து மூன்றில், இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாளாம். அதைச் சொல்ல வந்தவன் வாசலில் நின்று சிரித்தான். காதோரம் நரைத்திருந்தது. அந்தச் சிரிப்பில் அச்சாக அண்ணனின் சாயல்.

அவன் போன பிறகு ஜெபமலர் கடையின் பின்கட்டுக்குப் போனாள். சேலைக் கட்டுகளுக்கு நடுவே நின்றபோது, நினையாத நேரத்தில் ராஜமணிமேல் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவன்மேல் அவள் கோபப்பட்டதே இல்லை. நீயும் இப்படி நரைத்துப்போய் ஒரு வாசலில் வந்து நின்றிருக்கலாமே பாவி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சொன்னதைக் கேட்டிருந்தால். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். முன்னாலிருந்து முதலாளி, ஆள் வந்திருப்பதாகக் குரல் கொடுத்தார். அவள் உடனே போகவில்லை.