கண்ணாடித் தொட்டியில் கோடை

பனிப்புயலில் டுலூத் நகரமே கரண்ட் இல்லாமல் விறைத்துக் கிடந்தது. லொரெய்ன் தன் கம்பளியை எடுத்துக் கண்ணாடித் தொட்டிக்குப் போர்த்தி, கேஸ் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரைப் புட்டிகளில் அடைத்து அதைச் சுற்றி வைத்தாள். தொட்டியில் இருந்தது, அரிசோனாவுக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச் சென்ற துறவி நண்டு. சங்குக்குள் குடியிருக்கும் அதற்குச் சூடு குறையக் கூடாது. காற்று காய்ந்தாலும் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

பக்கத்து வீட்டு இங்க்ரிட் கதவைத் தட்டினாள். "எங்க வீட்ல விறகடுப்பு எரியுது, வாடி. அந்த நண்டுச் சனியன் மூஞ்சியக் காட்டி எத்தன வாரமாச்சு? உயிரோட இருக்கான்னு மணலத் தோண்டித்தான் பாரேன்!"

"தோலுரிக்க மணலுக்குள்ள போயிருக்கு. தோண்டினாத்தான் செத்துரும். இருக்குன்னு நம்பிச் சூடு வைக்கணும், அவ்வளவுதான். நீ போ."

சாயங்காலம் மகன் ஃபோன் செய்தான். "அம்மா, அங்க கரண்ட் இல்லியாமே! நண்டுக்குக் குளிராதா?"

"இல்லடா, கதகதன்னு இருக்கு."

"அப்பாடா! சரி, வச்சிடறேன்."

லொரெய்ன் கையுறையைக் கழற்றாமலே மூடியைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்தாள். மணல் அசையவில்லை.

"உன்னத்தான் விசாரிச்சான்," என்றாள் அதனிடம்.