மூலையில் ஓர் எண்

கை கழுவும் தொட்டியருகே நிற்கும்போதுதான் ஃபிட்டரின் போனுக்கு அந்தக் கடிதம் வந்தது. கிரீஸ் படிந்த விரலைத் திரை ஏற்கவில்லை. பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த மச்சினன் வாங்கித் திறந்தான். அவனும் அதே பட்டறையில் வெல்டர்.

"மாமா, உங்க யுனிவர்சிட்டில இருந்து. 'பதிப்புரிமை மீறல் தொடர்பாக வியாழன் காலை பதினோரு மணிக்கு நேரில் விளக்கம் அளிக்கவும்.' என்ன மாமா, எவன் புத்தகத்தையாவது சுட்டுட்டீங்களா?"

"கீழ என்னமோ படம் இருக்கே, பெருசு பண்ணு."

ஏதோ ஒரு இணையதளத்தின் பக்கம். பம்ப்பின் தண்டும், தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் சீலும் குறுக்கே வெட்டிக் காட்டிய படம். வலது கீழ்மூலையில், வெள்ளைக் கட்டத்துக்குள், ஃபிட்டரின் மாணவர் எண்.

அந்த எண்ணைப் போட்டவர் அவரேதான். பட்டறையில் ஒவ்வொருவனும் தன் ஸ்பானரில் தன் எண்ணைப் பஞ்ச் அடித்து வைத்திருப்பான். அப்போதுதான் இரவல் போனது வீடு திரும்பும். போன மாதம் கூட வேலை செய்யும் பதினோரு பேர் அவருடைய பாடத்தின் பிடிஎஃப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். பதினெட்டு வருஷம் பம்ப்பைப் பிரித்து மாட்டியும் புரியாதது, பாடத்தை எழுதிய மேடத்தின் படங்களில் புரிந்தது என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அறுபத்து நாலு பக்கத்திலும் எண்ணைப் போட்டு அனுப்பினார்.

"பிடிஎஃப்ல எதுக்கு மாமா நம்பர்? அதை யாரு திருப்பித் தரப்போறா?"

"குடுத்தது யாருன்னு தெரியணும்ல."

"நல்லாத் தெரிஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டு மச்சினன் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"மாமா... ஒரு சைட்டு இருக்கு. நாம ஒண்ணு ஏத்தினா அவன் ஒண்ணு திறந்து விடுவான். வெல்டிங் பரீட்சையோட பழைய கேள்வித்தாள் வேணும்னு..."

"இதை ஏத்திட்டியா?"

"உங்களோடதுன்னு நெனச்சேன். உங்க நம்பர் இருந்துச்சுல்ல."

ஃபிட்டர் நகக்கண்ணில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போன் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க மாமா. எவனோ எடுத்து ஏத்திட்டான்னு. ஆள் தெரியாத கேஸு, முடிஞ்சுது."

அவருக்கு மிச்சம் இருந்தது கடைசிப் பரீட்சை. வியாழனிலிருந்து ஒன்பதாம் நாள். அதை எழுதித் தேறினால் மாதக் கடைசியில் ஃபோர்மேன் வேலைக்கு மனுப் போடலாம். ஃபோர்மேன் மேலே நின்று பார்ப்பவன். பம்ப் குழிக்குள் ஏணியில் இறங்க வேண்டியதில்லை. ஃபிட்டரின் இடது முழங்கால் இரண்டு வருஷமாக ஏணியைப் பார்த்தாலே முனகியது. படிப்பில் சேர்ந்ததே அந்தக் காலுக்காகத்தான்.

வீட்டில் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து வந்து, வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"போன் தொலைஞ்சுதுன்னு சொல்லப் போறீங்களா?"

"உன் தம்பிதான் சொல்லச் சொல்றான்."

"அவன் என்னைக்கு உருப்படியா யோசனை சொன்னான்? என் தம்பிதான், இல்லேங்கல. கேட்டா அவன் பேரைச் சொல்லுங்க. பொய்ய வேற தூக்கிச் சுமக்க உங்களுக்கு முட்டி இல்ல."

இருந்தும் வியாழக்கிழமை பஸ்ஸில் போகும்போது அவர் பொய்யைத்தான் ஒத்திகை பார்த்தார். எந்த நாள், எந்தப் பஸ், எந்த சீட்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் சின்ன அறை. பதிப்புரிமை அதிகாரி ஒருவர். பக்கத்தில் அந்த மேடம். ஃபிட்டரைவிட எட்டு வயதாவது இளையவள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"சேர்ந்த அன்னிக்கு ஒரு உறுதிமொழிக்கு டிக் போட்டீங்க" என்றார் அதிகாரி. "பாடப் பொருளை உங்க படிப்புக்கு மட்டும்தான் பயன்படுத்துவேன், வெளிய கொடுக்க மாட்டேன்னு. படிச்சீங்களா?"

"இல்லீங்க. டிக் போட்டாத்தான் அடுத்த பக்கம் போச்சு."

மேடம் ஒரு காகிதச் சுருளை மேசையில் விரித்தாள். அசல் படம். பென்சிலில் கையால் போட்டது, அழித்த தடம்கூடத் தெரிந்தது. வலது கீழ்மூலையில் பொடியாக அவள் பெயரின் இரண்டு எழுத்து, ஒரு தேதி. அதன் பக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்த அச்சுப் பிரதியை வைத்தாள். அதே மூலையில் இரண்டு எழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. வெள்ளைக் கட்டம், அதற்குள் அவர் எண்.

இடம் காலியாக இருக்கிறதென்றுதான் அந்த மூலையில் போட்டார். போனில் பார்த்தபோது அந்தப் பொடி எழுத்து அவருக்கு ஏதோ தூசி.

போன வருஷம் லேத் ஓட்டும் தடியன், ஃபிட்டரின் ஸ்பானரில் இருந்த எண்ணைத் தேய்த்துவிட்டுத் தன் எண்ணை அடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் உட்காரும் மேசையில் ஃபிட்டர் சோறு தின்றதில்லை.

தொலைந்துபோன போன் சட்டைப்பையில் கனத்தது.

"முன் அட்டையையும் நான்தான் கழட்டினேன் மேடம்" என்றார். "உங்க பேரு இருந்த பக்கம். ஃபைல் சின்னதாகட்டும்னு. பட்டறையில பதினோரு பேருக்கு அனுப்பினேன். ஏத்தினது என் மச்சினன். என்னோடதுன்னு நெனச்சு ஏத்திட்டான். அப்படி நெனைக்க வச்சது நான்தான்."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

"ஆறு வருஷம் போட்ட படம்" என்றாள் மேடம். "பதிப்பகத்துல போன வாரம் வேண்டாம்னுட்டாங்க. நெட்ல சும்மா கெடைக்கிறதை நாங்க ஏன் அச்சடிக்கணும்னாங்க." அவள் குரலில் கோபமில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவள் குரல் அது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று நினைத்து மூடிக்கொண்டார்.

முடிவை மதியமே சொல்லிவிட்டார்கள். இந்த முறை பரீட்சை எழுத முடியாது, அடுத்த வருஷம்தான். இணையத்தில் ஏற்றியதை இறக்க வேண்டும். வாங்கிய பதினோரு பேரும் அழித்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வெள்ளைத்தாளோடு வாசலில் நின்றார்.

"என்னண்ணே, கல்யாண மொய் நோட்டா?" என்றான் ஒருவன்.

"உங்க பாடம், நீங்க குடுத்தீங்க, இப்ப நீங்களே புடுங்குறீங்க" என்றான் இன்னொருவன்.

"என் பாடம் இல்லடா. அழி. என் கண்ணு முன்னால அழி."

மச்சினன் முதல் ஆளாக அழித்தான். இணையத்திலிருந்து நேற்றே இறக்கிவிட்டதாகச் சொன்னான், முகத்தைப் பார்க்காமல். பதினோரு கையெழுத்தும் விழுந்தபின் தடியன் வந்து நின்றான். அவனுக்கு ஃபிட்டர் அனுப்பவே இல்லை.

"என்கிட்டயும் இருக்கு" என்றான். "எவனோ அனுப்பினான். உன் நம்பரைத் தேய்ச்சுட்டு என் நம்பரை அடிக்கலாம்னு பார்த்தேன், வழி தெரியல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபிட்டர் பேனாவை நீட்டினார். பன்னிரண்டாவதாக அவனும் போட்டான்.

சங்கு ஊதியது. மூன்றாம் நம்பர் பம்ப்பில் சீல் ஒழுகுகிறது என்றார்கள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஃபிட்டர் ஏணியின் முதல் படியில் நல்ல காலை வைத்தார். பிறகு மற்றதை.