பொழுது சாய்வதற்குள்

"சாப்டியா?" என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் அனந்தராஜ் கேட்டான். "ஆச்சு" என்றாள் சுனந்தா. அது பொய். நான்கு வருஷமாக அவன் மறுபடி கேட்கவில்லை.

மேல்சித்தாமூரில் அவர்களுடைய ஜைனக் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. பதினாலு பேருக்குப் பரிமாறிவிட்டுக் கடைசி மருமகளான சுனந்தா உட்காரும்போது பல நாள் இருட்டியிருக்கும். அவள் பட்டினியாகவே படுத்துக்கொள்வாள். முதலில் அழுதாள். இப்போது பசியும் தெரிவதில்லை, அழுகையும் வருவதில்லை.

இன்று இருவர் மட்டும் செஞ்சிக் கோட்டை பார்க்க பஸ் ஏறி வந்திருந்தார்கள். வாசலிலிருந்த தொல்பொருள் இலாகா காவலாளி, "மலை ஏற நேரமாயிடுச்சி சார். கல்யாண மகால் வரைக்கும் அம்மாவ இட்டுகினு போய்ட்டு வந்துடுங்க. ராணியா இருந்தாலும் இந்நேரத்துக்கு மேல உடமாட்டேன்" என்றான். அனந்தராஜ் சிரித்தான். சுனந்தா கல்யாண மகாலின் ஏழு மாடிகளையும் வெறும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மகாலுக்குப் பக்கத்துக் குளத்தங்கரைப் படியில், கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தார்கள். பொழுது சாயச் சாய, கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் நிழல் படியை நோக்கி வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் அவள் அவனுக்கு இலையில் வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் வை. இன்னா, கல்லாட்டம் நிக்கிற?" என்றான், வாய் நிறையச் சோற்றோடு.

நிழல் அவள் பாதத்தைத் தொட்டது. பயமோ கோபமோ எதுவும் எழவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு இலையை விரித்தாள்.

"ஏங்க, நீங்க சாப்டறப்பவே எனக்கும் ஒரு இலை போடணும்னு வீட்ல அத்தைகிட்ட சொல்லுங்க."